லொறி நிற்கிற நாளின் சம்பளம்

முதல் லோட்

டிரைவராக நான் ஓட்டிய முதல் லோட் மணலும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஆட்கள்.

1983 ஆகஸ்ட். அதுவரை நான் சின்னத்துரை முதலாளியிடம் கிளீனர். வேலணைத் தீவில், வங்களாவடிச் சந்திக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வளவும், அதற்குள் ஒரு நீளக் கொட்டிலும், இரண்டு லொறிகளும் இருந்தன. நான் நெடுந்தீவுக்காரன். லைசென்ஸ் எடுத்து மாதக்கணக்காகியும் ஸ்டியரிங்கை அவர் என் கையில் தரவில்லை. கொழும்புக் கலவரத்தில் தப்பிய சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கத் தொடங்கியபோதுதான் இரண்டு லொறியும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது.

"இராசன், நீர் மற்ற லொறியை எடும். தீவார் ஆரெண்டாலும் ஏத்தும். ஒருத்தரிட்டையும் காசு வாங்கக் கூடாது" என்றார் முதலாளி. லொறியை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை என் கையில் வைத்தார்.

காங்கேசன்துறையில் ஏற்றியதும் பின்னுக்குச் சனம் நெருக்கியடித்து நின்றது. கால் வீங்கிப்போன ஒரு அம்மாவையும், அவருடைய கணவரையும், மகளையும் முன்னுக்கு ஏற்றினேன். கணவரின் பெயர் கணபதிப்பிள்ளை. கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கடை எரிந்துபோனது. தீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் ஏறினோம். கடற்காற்று பட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப வேலணைச் சந்தியில தேங்காய் என்ன விலை?"

சொன்னேன்.

"விறகு? பால் கொண்டுவந்து குடுக்க ஆக்கள் இருக்கினமோ?"

அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் இழந்த மனிதன் ஏன் தேங்காய் விலை கேட்கிறார் என்று அப்போது யோசித்தேன். அடுத்த வருடம் சந்தியில் தேத்தண்ணிக்கடை போட்டார். அப்போது விளங்கியது.

சந்தி பெருத்தது

அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் சந்தி பழைய சந்தியாக இருக்கவில்லை. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் திறந்தன. சொந்த வீடு இல்லாத கொழும்புச் சனம் வாடகைக்கு இடம் தேடியது. அதே நேரம் ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் போன பெடியளின் காசு வரத் தொடங்கியது. ஓலை வீடு கல்வீடானது, கல்வீட்டுக்கு மேலதிக அறை வந்தது. சந்தியில் இரும்புக்கடை, பேக்கரி, வீடியோக்கடை, ரியூசன் கொட்டில் எல்லாம் முளைத்தன.

லொறிக்கு ஓய்வில்லை. மண்கும்பானில் மணல், பட்டணத்தில் சீமெந்து, கல், கம்பி. ஒரு நாளில் மூன்று நடை, நான்கு நடை ஓடினேன். முதலாளி லொறிக்கு வாங்குகிற ஹயரை இரண்டு முறை கூட்டினார். என் சம்பளம் மட்டும் மாதம் எண்ணூறு ரூபாயிலேயே நின்றது.

என் மனைவி தவமணியும் நெடுந்தீவுதான். அங்கே பால் மாட்டில் இருக்கும், மீன் கரையில் இருக்கும். ஒரு கிழமை கையில் காசில்லாவிட்டாலும் அடுப்பு எரியும். சந்தியில் அப்படியில்லை. குடிக்கிற நல்ல தண்ணீரைக் கூடக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். கரைக்கு வருகிற மீனைக் கூடக் காசு கொடுப்பவர்கள் கூடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. பால்மா டின்னின் அடியைத் தவம் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் விடியற்காலையில் கேட்கும்.

ஒரு நாள் முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன்.

"டயர் என்ன விலை விக்குது, உமக்குத் தெரியாதே? டீசல் என்ன விலை? ஒரு வருசம் பொறும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பட்டணத்துக்குப் போய் அந்த டயரை வாங்கிவந்தவனே நான்தான்.

நாங்கள் செல்லம் அக்காவின் வீட்டில் நூற்றைம்பது ரூபாய் வாடகைக்கு இருந்தோம். அவரும் மகன் அனுப்பிய காசில் வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டினார். அதற்கு மணல் கொண்டுவந்து பறித்தவனும் நானே. அத்திவாரத்துக்கு முதல் நடை கொண்டுவந்த அன்று அக்கா எனக்குப் பால் தேத்தண்ணி தந்தார். சாந்து காய்ந்த பிறகு தவத்தைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதை. கொழும்பால வந்த ஆக்கள் நானூறு தாறம் எண்டு நிக்கினம். உங்களுக்கு ஏலுமெண்டா நீங்களே இருங்கோ. ஏலாட்டி அடுத்த மாசம் விடுங்கோ."

வீடு பார்க்க வந்த கொழும்பு ஆள் கணபதிப்பிள்ளைதான். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன்.

"நீரோ தம்பி இஞ்ச இருக்கிறீர்?" என்று அவர் அப்படியே நின்றுவிட்டார். "தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டன். ஆனா இப்ப என்னெண்டு வேண்டாமெண்ணுறது? மகளுக்குப் பிள்ளை பிறக்கிற மாசம் கிட்டுது. இறுப்பிட்டியில சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில எத்தினை காலம் படுக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. தகப்பனின் தோளில் சாய்ந்தபடி அந்தப் பிள்ளை லொறியில் வந்ததை நான் பார்த்தவன். "பரவாயில்லை அண்ணை, வாங்கோ" என்றேன். குளிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கொட்டிலுக்குள் குடித்தனம்

அந்த மாதம் முழுவதும் வீடு தேடினோம். சந்தியில் எங்கள் காசுக்கு ஒரு அறை கூட இல்லை. சரவணைப் பக்கம் குறைந்த வாடகைக்கு இருந்தது. ஆனால் நான் விடியுமுன்பே லொறியை ஸ்டார்ட் பண்ண வேண்டும், என்னிடம் சைக்கிளும் இல்லை. கடைசியில் தவம்தான் சொன்னாள்.

"லொறி நிக்கிற கொட்டில் பெருசுதானே. அதுக்குள்ள ஒரு மூலை காணும்."

"முதலாளி என்ன சொல்லுவாரோ தெரியாது."

"சொல்லட்டும். சொன்னாத்தானே நாங்களும் சொல்லலாம்."

பெட்டி, பாய், சட்டி பானை, மகளின் தொட்டில் எல்லாவற்றையும் அதே லொறியில் ஏற்றி அதே லொறியின் கொட்டிலில் இறக்கினேன். அடுத்த நாள் காலையில் முதலாளி வந்தார். வளவு வாசலிலேயே புகையைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன இராசன்? லொறிக் கொட்டில் என்ன சத்திரமோ?"

கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன். தவம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். தலையைக் குனியவில்லை.

"முதலாளி, நீங்கள் இவருக்குத் தாற சம்பளத்துக்கு இந்தச் சந்தியில அம்பிட்ட இடம் இதுதான். வேற இடம் இருந்தாக் காட்டுங்கோ, பின்னேரமே போறம்."

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். மகள் லொறியை மூடுகிற படங்கின் மேல் படுத்திருந்தாள்.

"டீசல் பரல் கிடக்கிற இடத்தில அடுப்பு மூட்டுறியளே?"

"அதாலதான் வெளியால மூட்டியிருக்கிறன்" என்றாள் தவம்.

அவர் திரும்பி நடந்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அன்று மூன்று நடை ஓடினேன். மாலையில் முதலாளி திரும்பி வந்து லொறியின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு கதைத்தார்.

"மாசச் சம்பளத்தைக் கூட்ட எனக்கு ஏலாது. நடைக்காசு தாறன். ஒவ்வொரு நடை ஹயரிலயும் உமக்கு ஒரு பங்கு. ஓடின அளவுக்கு எடும். இப்ப எடுக்கிறதைப்போல இரண்டு மடங்கு எடுப்பீர்."

"ஓம் முதலாளி" என்றேன். யோசிக்கவே இல்லை. தவம் மட்டும் அடுப்படியிலிருந்து, "அப்ப மாசச் சம்பளம்?" என்று கேட்டாள்.

"அது இல்லைப் பிள்ளை. இது அல்லாட்டி அது."

நடைக்காசு

முதலாளி சொன்னது உண்மைதான். முதல் மாதமே இரண்டு மடங்கு வந்தது. சந்திக்குச் சற்று உள்ளே இரண்டு அறை வீடு எடுத்தோம். மகளுக்குப் பால்மா தடையில்லாமல் கிடைத்தது. மற்ற லொறி டிரைவர் பாலனும் மாதச் சம்பளத்தை விட்டு நடைக்காசுக்கு மாறினான்.

ஆனால் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. முன்பு மணல் ஏற்றும்வரை மரநிழலில் இருப்பேன். இப்போது மண்வெட்டியை நானே தூக்கினேன், சீக்கிரம் ஏற்றினால் இன்னொரு நடை. சாப்பாட்டைச் சுற்றிக் கொடுத்த இலையை மடியில் வைத்து, கியர் மாற்றுகிற கையாலேயே சாப்பிட்டேன். பிரேக் சத்தம் போட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன், கராஜில் நிற்கிற நேரத்துக்குக் காசு இல்லையே. காய்ச்சலோடும் ஓடினேன். வீட்டுக்கு வந்தால் மகள் என்னிடம் வரமாட்டாள், மணல் குத்தும் என்பாள்.

"உங்களுக்குச் சம்பளம் கூடினமாதிரித் தெரியேல்லை, வேலைதான் கூடியிருக்கு" என்றாள் தவம் ஒரு நாள். நான் சிரித்துவிட்டுப் படுத்தேன்.

பண்ணையில்

பிறகு பாதை மூடத் தொடங்கியது. தீவையும் பட்டணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாதை கோட்டையில் இருந்த ஆமிக் காம்புக்குப் பக்கத்தால் போகிறது. கோட்டைப் பக்கம் சண்டை என்றால் பாதையில் ஒன்றும் ஓடாது. முதலில் ஒரு நாள், இரண்டு நாள் மூடிக் கிடந்தது. பிறகு கிழமைக்கணக்கில். சனம் அராலிப் பக்கத்தால் வள்ளத்தில் போய் வந்தது. லொறி வள்ளத்தில் ஏறுமா? சீமெந்து வராததால் கட்டிட வேலைகள் நின்றன, வேலை நின்றதால் மணலும் யாருக்கும் தேவைப்படவில்லை.

நடை இல்லை, காசும் இல்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் வள்ளத்தில் வந்ததால் இன்னும் விலை ஏறின. வீட்டு வாடகை மட்டும் மாதம் தவறாமல் வந்து நின்றது. நானும் பாலனும் கொட்டிலில் லொறிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு காலை, இரவு முழுக்கச் சத்தமில்லை, பாதை திறந்திருக்கு என்று கதை வந்தது. வீட்டு வேலையைப் பாதியில் விட்டிருந்த ஒருவர் சீமெந்து கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். நான் கிளீனரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. பட்டணத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பாலத்தில் ஏறியதும் முதல் ஷெல் வலப்பக்கக் கடலில் விழுந்தது. தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பியது. கடலுக்கு நடுவில் லொறியைத் திருப்ப இடமில்லை. ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தேன். அடுத்தது பின்னுக்கு எங்கேயோ வெடித்தது. லொறி ஒரு பக்கம் இழுத்தது. பின்டயர் போய்விட்டது. ரிம் தேயத் தேய மண்டைதீவுச் சந்தி தாண்டும்வரை நிறுத்தவில்லை. நிறுத்தி இறங்கி, படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

டயரை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பின்பலகை சல்லடை மாதிரி இருந்தது. பைகள் வெடித்துச் சீமெந்து என் தலை, உடுப்பு எல்லாம் படிந்திருந்தது. தவம் என்னைச் சுற்றிவந்து பார்த்தாள். எங்கேயும் இரத்தம் இல்லை என்று நிச்சயமான பிறகு கேட்டாள்.

"இந்த நடைக்கு எவ்வளவு?"

சொன்னேன்.

"அந்தக் காசை என்ர கையில தந்துடாதேங்கோ" என்றுவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அதற்கு முன் அவள் அழுது நான் கேட்டதில்லை, கொட்டிலில் இருந்த நாட்களில் கூட.

நிற்கிற நாள்

முதலாளி வந்து பின்பலகை ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏன் போனீர்? நான் போகச் சொன்னனானே?"

"நீங்கள் சொல்லேல்லை முதலாளி. ஆனா நிண்டா எனக்கு ஒண்டுமில்லை. அதுதான் போனனான்."

பாலனும் பக்கத்தில் வந்து நின்றான். அவன் அதிகம் கதைக்காதவன். "நாளைக்கு நானும் போகத்தான் இருந்தனான் முதலாளி" என்றான்.

முதலாளி பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். "ஓடாத லொறிக்குச் சம்பளம் தர நான் எங்கால எடுக்கிறது?"

"ஓடின காலத்தில எடுத்ததிலதான்" என்றேன். "எங்களுக்கு நடைக்காசைக் குறையுங்கோ. ஆனா லொறி நிண்டாலும் மாசத்துக்கு இவ்வளவு எண்டு ஒண்டு தாங்கோ. அது இருந்தா ஷெல்லுக்குள்ள போகமாட்டம். உங்கட லொறியும் மிஞ்சும்."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் எங்கள் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, பழைய மாதச் சம்பளத்தில் பாதி நிரந்தரம், நடைக்காசு முன்பு தந்ததில் பாதி என்றார். ஓடுகிற மாதத்தில் எனக்கு முன்பைவிடக் குறைவுதான். கணக்குப் பார்த்தால் நட்டம் என்று பாலன் தயங்கினான். தவத்திடம் கேட்டேன். "ஓமெண்டுங்கோ" என்றாள்.

அடுத்த மாதம் பாதை அநேகமாக மூடியே கிடந்தது. மாதக் கடைசியில் முதலாளி சொன்னபடி தந்தார். ஓடாமல் வாங்குகிற காசு முதலில் கையைக் கூசவைத்தது. நான் போய் லொறியின் அடியில் படுத்து கிரீஸ் அடித்தேன், நாள் கணக்கில் ஒத்திப்போட்ட பிரேக்கைக் கழற்றிப் பூட்டினேன். பிறகு கூச்சம் போய்விட்டது. லொறி நிற்கிற நாளிலும் டிரைவர் டிரைவர்தான், அவன் வீட்டுப் பிள்ளை அன்றைக்கும் பால் குடிக்கும்.

தொண்ணூறில் ஆமி தீவைப் பிடித்தபோது அங்கிருந்து வெளியேறிய பிறகு வேறு ஊர்களில், வேறு முதலாளிமாரிடம் ஓடினேன். இப்போது இளம் டிரைவர்மார் வேலைக்குச் சேருமுன் என்னிடம் வருவார்கள். ஒரு நடைக்கு என்ன கேட்கலாம் அண்ணை, கிலோமீற்றருக்கு என்ன கேட்கலாம் என்பார்கள். அதைப் பிறகு கேள் தம்பி என்பேன். பாதை மூடினால், வண்டி பழுதானால், உனக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு என்ன தருவார் என்று முதலில் கேள். அதற்கு ஒரு பதில் வாங்காமல் திறப்பைக் கையில் எடுக்காதே. அந்தப் பதில் இல்லாமல் வண்டி ஏறினால், போகக்கூடாத பாதையிலும் ஒரு நாள் நீயாகவே போவாய். உன்னை யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.