நிறம் வராத தண்ணீர்

என் மச்சானுக்கு வாய் என்பதே கிடையாது. எங்கள் அயோடின் ஆலையில் இருபத்தாறு வருஷமாகக் குளோரின் வால்வைப் பார்த்தவர். அத்தனை வருஷமும் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். அவர் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு நானும் அவர் பக்கத்திலேயே மாரடித்தேன்.

வேலை இதுதான். ஆழ்குழாயில் ஏறும் உப்புத்தண்ணீரில் அமிலம் விட்டு, அளவாகக் குளோரின் கலந்தால் அயோடின் பிரிந்து தண்ணீர் பழுப்பாகும். அதைக் கோபுரத்தில் ஊற்றி, கீழிருந்து காற்றடித்து அயோடினைக் கிளப்பிப் பிடிப்போம். குளோரின் குறைந்தால் நிறம் வராது. கூடினாலோ வந்த நிறமும் போய்விடும், அயோடின் கழிவோடு போகும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். மூக்குதான் சொல்லணும்; கூடியிருந்தால் குளோரின் நெடி அடிக்கும்.

மச்சானுக்கு மூக்கு செத்து ரெண்டு வருஷம். தெரிந்தால் வால்வை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவர் மாதிரி பிடிக்கும் ஒவ்வொரு குப்பியையும் நான்தான் முகர்ந்து தலையாட்டுவேன்.

ஒருநாள் நான் பம்ப் பக்கம் போயிருந்தேன். குப்பியில் நிறம் வரவில்லை. குறைச்சல் என்று நினைத்து மனுஷன் வால்வைத் திறந்தார். அப்பவும் வரவில்லை. இன்னும் திறந்தார். நான் திரும்பியபோது வாசலிலேயே நெடி தொண்டையைப் பிடித்தது. உள்ளே அவர், கண்ணில் நீர் வழிய, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"இந்த நெடி கூடவா தெரியல?" என்றார் ஓடிவந்த மேனேஜர்.

நான் ஏதாவது புளுகுவதற்குள் மச்சானே சொன்னார். "தெரியாது சார். மூக்கு போச்சு. இவன் மேல தப்பில்ல."

அவரை டிரம் அடைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வால்வு என் கைக்கு வந்தது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. போனேன், வந்தேன்.

ஆறு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"பால் கருகி வீடே நாறுது, இங்கதான உக்காந்திருக்கீங்க?"

பாத்திரத்தை எடுத்து முகத்தருகே வைத்தேன். சூடு மட்டும்தான் தெரிந்தது.

"பேப்பர்ல மூழ்கிட்டேன்."

அவள் பாத்திரத்தை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"நாளைக்கு வால்வுல யாரு?"

"நான்தான்."