பார்க்காத பிள்ளையின் நிறம்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருடம். சிராங்கூன் சாலையில், நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று சொல்லும் பக்கத்தில், ஒரு போட்டோக் கடையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவது, வெறுங்கழுத்தில் சங்கிலி ஏற்றுவது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொய்யும் புரட்டுமான பிழைப்பு என்று நானே கேலி பேசிக்கொள்வேன்.

ஒரு மதியம் மாட்டுவண்டி ஓட்டும் ஒருவர் வந்து, துண்டில் சுற்றியிருந்த படத்தை நீட்டினார். ஊரிலிருந்து வந்த படம். ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை, மாலை போட்டு, பாயில் கண்மூடிப் படுத்திருந்தது.

"எம்புள்ளண்ணே. தூங்கறப்ப எடுத்ததாம். வர்ணம் போட்டுக் குடுங்க" என்றார்.

வழக்கம்போல, குழந்தை கறுப்பா சிவப்பா என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"நான் கப்பலேறினப்புறம் பொறந்ததுண்ணே. எம்பொஞ்சாதி நல்ல செவப்பு, நான் இப்படி. யாரு நெறம் வந்திருக்கோ, தெரியலையே."

அவர் போன பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மாலைக்கு மேலே, தாடையை ஒட்டி, ஒரு வெள்ளைத் துணியின் ஓரம் தெரிந்தது. வாய் திறந்துகொள்ளாமல் இருக்க இறந்தவர்களுக்குக் கட்டுவோமே, அந்தக் கட்டு. கடல் தாண்டிப் போனவன் தனியாகக் கிடந்து அழவேண்டாமென்று ஊரில் இழவுச் செய்தியை மறைப்பது உண்டுதான். ஆனால் அந்த மனிதரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் அந்தக் கன்னத்தில் எப்படிச் சிவப்பைத் தடவுவேன்? தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை.

சில நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். படம் மங்கல், வர்ணம் ஒட்டாது என்று ஏதோ உளறினேன். அவர் என் பக்கத்தில் குந்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தத் துணி தெரியாம பூவக் கொஞ்சம் மேல ஏத்தி வரஞ்சிடுங்கண்ணே."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு. எனக்குத் தெரியாதுன்னே அவ நெனச்சுக்கட்டும். வர்ணம் போட்டு அனுப்பினா, புள்ள தூங்கறாப்பல அவளாவது பாத்துக்குவா."

அவர் கையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். அந்த நிறத்தைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் வெளுப்பாகக் கலந்தேன். கன்னத்தில் வர்ணம் ஏற ஏற, அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் மறைத்தது.

"இப்படித்தான் இருந்திருப்பா, இல்லண்ணே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

இன்றும் பிள்ளைகளின் படத்தோடு வருகிறவர்களிடம் கறுப்பா சிவப்பா என்றுதான் கேட்கிறேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் "மாநிறம்" என்று சொல்லிவிட்டுப் போகிற தகப்பனைப் பார்க்கும்போதெல்லாம், கொடுத்துவைத்தவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.