நாலு மைல் தள்ளி ஒரு கோப்பை தேநீர்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் மாவட்டத்தின் ஓரத்திலிருக்கும் சேடில்வொர்த்தில் எங்கள் கிரிக்கெட் சங்கத்துக்கு இருபது வருடம் தேநீர் போட்டவர் மேவிஸ். அவர் மகன் நீல் பந்து வீசினால் ஸ்டம்ப் பறக்கும். ஆனாலும் யார்க்‌ஷயர் அணித் தேர்வுக்கு அவன் பெயரை அனுப்ப எங்கள் செயலாளர் கிராப்ட்ரீ மறுத்துவிட்டான். யார்க்‌ஷயர் மண்ணில் பிறந்தவர்கள்தான் அந்த அணியில் ஆடலாம். நீல் பிறந்ததோ நாலு மைல் தள்ளி, பக்கத்து மாவட்டமான லங்காஷயரின் ஓல்டாமில். பிரசவ ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது.

1974இல் அரசாங்கம் எல்லையை மாற்றி எங்கள் ஊரையே மான்செஸ்டரோடு சேர்த்தது. கிராப்ட்ரீ கொதித்துப்போய் எதிர்ப்பு மனுவோடு சங்கத்துக்கு வந்தான்.

"கையெழுத்துப் போடும்மா மேவிஸ். எவனோ காகிதத்துல கோடு கிழிச்சா நாம யார்க்‌ஷயர்காரங்க இல்லன்னு ஆயிடுமா?"

"என் புள்ளைய வெளிய தள்ளினதும் ஒரு கோடுதானய்யா?"

"அது பழைய கோடு. அது வேற."

பழையதாகிவிட்டால் மடமைக்கும் மரியாதை வந்துவிடுகிறது!

மேவிஸ் மனுவைத் தொடவில்லை. எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். அவனுக்கு மட்டும் இல்லை.

"என் டீ எங்க?"

"ஓல்டாம்ல இருக்கு, செயலாளரே. நாலு மைலுதான். கோட்டப் பாத்துத் தாண்டுங்க."

சாகும்வரை மேவிஸ் அவனுக்கு ஒரு கோப்பைகூட ஊற்றவில்லை. நீலும் யார்க்‌ஷயருக்காக ஒரு பந்துகூட வீசவில்லை.