பறங்கிப்பூ பஜ்ஜி

பூவைத் தின்பது எங்களுக்குப் புதிதல்ல. வேப்பம்பூவில் ரசம், முருங்கைப்பூவில் முட்டைப் பொரியல், வாழைப்பூவில் வடை என்று விருத்தாசலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் போன வருடம் என் செல்போன் சமையல் வீடியோ காட்டி எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தது. சங்குப்பூவைக் கொதிக்க வைத்து நீலமாக ஒரு டீ போட்டேன். பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாங்க கப்புக்கு அடிக்கிற கலரு மாதிரியே இருக்குது. குடிச்சிட்டு நானும் சூளையில போய் உக்காரணுமா?" என்றார். செம்பருத்தி தோசையைத் தெருநாய்கூட மோந்துவிட்டு மரியாதையாக நகர்ந்தது.

பறங்கிப்பூ பஜ்ஜி மட்டும் ஜெயித்தது. கொல்லையில், கம்பெனி கழித்துப்போட்ட உடைந்த பீங்கான் குவியல்மேல் ஒரு பறங்கிக்கொடி படர்ந்திருந்தது. விதை போட்டவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். கொல்லை மட்டும் பொது. அவள் பெண்ணுக்கு வரப்போகிற பொங்கல் தலைப்பொங்கல். கருவேப்பிலங்குறிச்சி சம்பந்தி வீட்டில், "சீருல வைக்கிற பறங்கிக்கா எங்க கொடியில காய்ச்சதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர்கள் நிலபுலம் உள்ளவர்கள். இவளுக்கு இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான். அந்தக் காய் அவளுக்கு மானப் பிரச்சினை.

ஐப்பசி மழைச் சாயங்காலங்களில் நான் கூடையோடு இறங்கினேன். அடியில் குண்டாக இருக்கும் பூக்களாகப் பார்த்துப் பறித்தேன். மாவில் முக்கும்போது பிடிக்க வசதி, கடித்தால் இனிப்பு. ஓரகத்திக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். "பூவுல இவ்ளோ ருசியாக்கா!" என்று ஆறு தின்றாள். காயில் கை வைக்காமல் பூவை மட்டும் எடுக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மார்கழி பிறந்தது. கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்துச் செருகுவதற்காக ஓரகத்தி பூப் பறிக்க வந்தாள். அவள் நீளக் காம்புப் பூவாகப் பொறுக்குவதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன்.

"இது ஆம்பளப் பூக்கா, காய்க்காது. பொம்பளப் பூவுக்கு அடியில குட்டியா பிஞ்சு இருக்கும். அதுல யாராச்சும் கை வைப்பாங்களா?"

"அதானே, யார் வைப்பாங்க" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பறங்கியின் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் கரும்பலகையில் வரைந்து, பாகம் குறிக்காத பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டுப் பறங்கிக்காய் நிஜக் காயையும் சேர்த்துக் கெடுத்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் காபியோடு சேர்த்து விழுங்கினேன். கொடியும் முதிர்ந்துபோய் வெறும் ஆண் பூவாகவே விட்டது. அவள் ஒவ்வொரு காலையும் இலையை விலக்கி விலக்கித் தேடினாள். எனக்கு ஜன்னலைச் சாத்திவைக்கத்தான் தைரியம் இருந்தது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அரிவாளோடு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மலட்டுக் கொடி! இதுக்குப் போயி எருவு போட்டேன் பாரு. வெட்டிப் போட்டுடறேன்."

பிள்ளையில்லாத என்னை என் மாமியார் அந்த வார்த்தையால் சொல்லியிருக்கிறார், இதே கொல்லையில் நின்று. அன்று எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஓரகத்திக்கும் உறைத்துவிட்டது. "ஐயோ அக்கா, நான் கொடியத்தான்..." என்று இழுத்தாள்.

"கொடி மேல குத்தமில்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது காய்க்கத்தான் பாத்துது. பிஞ்சோட இருந்த பூவையெல்லாம் நாந்தான் பறிச்சு பஜ்ஜி போட்டுட்டேன்."

அவள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "டீச்சராம் டீச்சரு! இதுகூடத் தெரியாம புள்ளைங்களுக்கு என்னாத்தச் சொல்லித் தரீங்க? வாங்குன காய எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவங்க வாசல்ல எறக்குவேன்?"

"நான் எறக்கறேன். நாந்தான் தின்னேன்னு அவங்ககிட்டயே சொல்றேன்."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொடியைத் தொடவில்லை.