கொப்பி இருக்கோ, ஐயா?

நெதர்லாந்தில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கோப்பி குடிக்கிறீர்களா என்றுதான் கேட்கிறார்கள். வரி கட்டு என்று கடிதம் அனுப்பியவர்களும் கேட்கிறார்கள், பல்லைப் பிடுங்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். நான் கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தலை நரைக்கும்வரை நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவன். வந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த உபசாரம் உட்கார ஒரு வாங்கு. அதற்கும் ஒரு கால் ஆடும். ஆகவே இந்தக் கோப்பி விசாரணை எனக்குப் பழக நாளெடுத்தது. பழகியது போதாது என்பது நகரசபைக்குப் பதியப் போன அன்று தெரிந்தது.

மகள் எங்களை நெதர்லாந்துக்கு அழைத்த புதிது. எல்லா மூலப் பத்திரங்களையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கருமபீடத்துப் பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "ஹேஃப்த் உ என் கொபீ?" என்றார். வகுப்பில் படித்த மரியாதை கைவசம் இருந்தது. "யா, கிராஹ். சொண்டர் மெல்க்" என்றேன். ஆம், மகிழ்ச்சி, பால் வேண்டாம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். எழுந்து போய்ப் பாலில்லாத கோப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு கடவுச்சீட்டை விரலால் தட்டி, காது கேளாதவரிடம் கேட்பதுபோல அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். அவர் கேட்டது பிரதி. அவர்கள் மொழியில் குடிப்பது கொஃபி, பிரதி கொபீ. ஆய்த எழுத்தைப் பரீட்சையோடு கைவிட்டவர்கள் நாங்கள். எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்று. மருமகன் இந்தக் கதையை ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் சொல்லுவார். அந்நிய மொழி, வயதுபோன காது என்று நானும் சிரித்துச் சமாளிப்பேன். சொந்த மொழியில் அதே சொல்லில் இன்னொரு தடவை விழுவேன் என்று அப்போது தெரியாது.

குளிர் தொடங்கியதும் நானும் மனைவியும் பரந்தனில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். வயல் வெட்டு முடியத் திரும்புவோம். கடந்த முறை அங்கே இருந்தபோது, ஒரு காலை மடிக்கணினி திறக்க மறுத்தது. திரை கறுப்பு. உள்ளே டிக், டிக், டிக் என்று சத்தம். "இஞ்சாருங்கோ, பல்லி சொல்லுது" என்றார் மனைவி குசினிக்குள் இருந்து. பல்லி இல்லை, கணினி என்றேன். "எது சொன்னாலும் நல்லதுக்கில்லை" என்றார்.

அந்தக் கணினிக்குள் எங்கள் குடும்ப அல்பம் இருந்தது. குடும்ப அல்பம் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. எங்கள் சொந்த அல்பங்கள் கடைசி இடப்பெயர்வில் எந்தப் பதுங்குகுழியில், எந்தப் பையோடு போயின என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று உறவினர்களுக்கெல்லாம் எழுதினேன். உங்கள் கலியாணப் படங்களில், பூப்புனித நீராட்டு விழாப் படங்களில் நாங்கள் எங்காவது நின்றால் அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்தன. அவற்றில் நாங்கள் ஓரங்களில் நிற்கிறோம். யாரோ ஒருவர் தாலி கட்ட, நான் பின்னால் வடையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மனைவியின் முகம் பாதி, மிச்சம் ஐயரின் முழங்கை. பிறர் விசேடங்களின் ஓரங்களை வெட்டிச் சேர்த்த குடும்பம் நாங்கள்.

எங்கள் மூத்தவன் ஒரே ஒரு படத்தில் இருந்தான். கடைசிச் சண்டையில் எங்களோடு நடந்து வந்து, எங்களோடு வெளியே வராதவன். படம் அயல் வீட்டுக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளில் எடுத்தது. முன்னால் கேக், கேக்குக்குப் பின்னால் குழந்தை, குழந்தைக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு இவன். அதை அனுப்பிய பாரிஸ் மனிதர் இறந்துவிட்டார்; அவர் வீட்டையும் காலிசெய்து கொடுத்துவிட்டார்கள். இணையத்து மேகத்தில் ஏற்றி வையுங்கோ அப்பா என்று மகள் பலமுறை சொன்னாள். எந்த அரசின் எல்லைக்குள் கிடக்கிறது என்று சொல்லமுடியாத இடத்தில் ஆவணங்கள் வைப்பதில்லை என்று நான் விளக்கம் கொடுத்திருந்தேன். உத்தியோகம் விட்டாலும் விளக்கம் கொடுக்கும் வியாதி விடுவதில்லை.

பரந்தன் பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டத் தர்ஷினி என்று ஒரு பெண் கணினிக் கடை வைத்திருக்கிறார். ஒரு தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டே மூன்று பேரோடு கதைக்கக் கூடியவர். கணினியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஹாட் டிஸ்க் போகுது ஐயா. புதுசு போட்டு விண்டோஸ் அடிச்சுத் தாறன். கொப்பி இருக்கோ?"

எழுதும் கொப்பியைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாடிக்கையாளர் விபரத்தைத் தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்று கேட்கும் கடை வன்னியிலும் வந்துவிட்டதே. தோள்பையைத் தட்டிக் காட்டினேன்.

"கொப்பி இல்லாமல் நான் வெளிக்கிடுறதே இல்லைப் பிள்ளை."

"அப்ப பிரச்சினை இல்லை" என்றார் அவர். கொப்பியை எடுப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார். சரி, ஒழுங்குமுறை இன்னும் முழுதாக வரவில்லை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மனைவியும் வந்தார். கணினி தயாராக இருந்தது. மிச்சத்தை உரிமையாளர்தான் நிரப்பவேண்டும் என்று தர்ஷினி என் பக்கம் திருப்பி வைத்தார். திரை நீலமாக நின்று, உங்கள் நாடு எது என்று கேட்டது. கேள்வி இலகுவானதல்ல. வதிவிடம் அங்கே, காணி இங்கே. வரி அங்கே, ஓய்வூதியம் இங்கே. இரண்டு நாட்டைத் தெரிவுசெய்ய இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஐயா, கரண்ட் போகப்போகுது, ஏதாவது ஒண்டை அமத்துங்கோ" என்றார். இலங்கை என்று அழுத்தினேன். கணினி கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. மிகச் சுத்தமாக இருந்தது. நெதர்லாந்துச் சமையலறைகள் அப்படித்தான் இருக்கும், யாரும் சமைக்காததுபோல.

"படங்கள் எங்கே?" என்றார் மனைவி.

"ஐயாட்டக் கொப்பி இருக்கெண்டவர்" என்றார் தர்ஷினி.

நான் பைக்குள் இருந்து கொப்பியை எடுத்தேன். மாட்டுத்தாள் உறை போட்ட, நாற்பது பக்க, ஒற்றைக் கோட்டுக் கொப்பி. தர்ஷினி அதைப் பார்த்தார். தோளில் இருந்த தொலைபேசியை எடுத்து, பிறகு கதைக்கிறேன் என்று சொல்லி வைத்தார். அங்கே கொபீ என்று கேட்டபோது கோப்பி என்று நினைத்தேன். இங்கே பிரதியைக் கொப்பி என்று கேட்டபோது எழுதும் கொப்பி என்றே நினைத்தேன். இரண்டிடத்திலும் மறுமொழி மட்டும் உடனே சொல்லியிருக்கிறேன்.

மனைவி என்னோடு கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து, "பழசு எங்க பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

பழையதை அடுத்த கடை டிரக்டர் திருத்துகிற செல்வம் கேட்டு வாங்கிப் போய்விட்டாராம். செத்த வன்தட்டுக்குள் நல்ல காந்தம் இருக்கும்; எண்ணெய்க்குள் விழுந்த ஆணிகளைப் பொறுக்க அவருக்கு அது தேவை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தட்டில் விரல் பட்டாலே எல்லாம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே தர்ஷினி செருப்புப் போடாமல் இறங்கினார். மனைவி எனக்கு முன்னால் போனார். முழங்கால் வலி என்று நெதர்லாந்து வைத்தியரிடம் முறைப்பட்ட பெண்மணி அவர்.

செல்வம் ஒரு டிரக்டருக்குக் கீழே கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"செல்வமண்ணை, நேற்றுத் தந்த டிஸ்க் எங்க?"

"அதோ, மேசையில. தந்த சாமானைத் திருப்பிக் கேக்கிறியோ?"

மேசையில் பற்றுச்சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒரு பாரமாக அது இருந்தது. முழுசாக இருந்தது.

"கழட்டேல்லையோ?" என்றார் மனைவி.

செல்வம் வெளியே வந்து கையைத் துடைத்தார். "எப்பிடியம்மா கழட்டுறது? அதின்ர ஆணியெல்லாம் நட்சத்திரம் மாதிரி இருக்கு. என்னட்ட அந்தச் சாவி இல்லை. பின்னேரம் சுத்தியலால ஒண்டு போடுவம் எண்டு இருந்தனான்."

நெதர்லாந்தில் இப்படி நடந்திருக்க முடியாது. அங்கே இருக்கும் முறைப்படி தனிநபர் தரவு என்று ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கி, அன்றைக்கே அரைத்துத் தூளாக்கியிருப்பார்கள். தூளாக்கியதற்குச் சான்றிதழும் தந்திருப்பார்கள். வாழ்நாள் முழுக்க ஒழுங்குமுறைக்காக வாதாடியவன் நான். ஒரு சரியான சாவி இல்லாத பட்டறையின் வாசலில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

தர்ஷினி அந்தத் தட்டை ஒரு வயரில் வெளியே கொழுவி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். அது பல்லிபோலச் சொல்லுவதும் நிற்பதுமாக இருந்தது. நிற்கும்போதெல்லாம் நாங்கள் மூவரும் நின்றோம். படங்கள் ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்கு வந்தன. பெரும்பாலானவை முழுதாக வந்தன. சில திறக்கவே இல்லை. சில மேல்பாதி படமாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் வந்தன. பிறந்தநாள் படம் அப்படித்தான் வந்தது.

கேக் போய்விட்டது. மெழுகுதிரி போய்விட்டது. அந்த வீட்டுக் குழந்தையும் போய்விட்டது. சாம்பல் கோட்டுக்கு மேலே, கட்டிய கைகளோடு எங்கள் மகன் மட்டும் நின்றான். யாரோ ஒருவரின் படத்தில் பின்னால் இத்தனை வருடம் நின்றவன்.

தர்ஷினி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மனைவி கையைக் காட்டி நிறுத்தினார். திரைக்குக் கிட்டக் குனிந்து, கனநேரம் பார்த்தார்.

"வடிவா நிக்கிறான்" என்றார்.

அன்றைக்கே தர்ஷினி எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்துத் தந்தார். "இது கொப்பி, ஐயா. எழுதுற கொப்பி இல்லை" என்று சொல்லித்தான் தந்தார். செல்வம் தன் காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்; சுத்தியலால்தான் எடுத்தார். ஒரு பிரதியை மனைவி பரந்தன் வீட்டு அலுமாரியில் சேலைகளுக்குள் வைத்துப் பூட்டினார். மற்றதைத் தன் கைப்பையில் கொண்டு வந்தார். விமான நிலையத்தில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதை நெதர்லாந்தில் இருந்து எழுதுகிறேன். வெளியே நடுப்பகல். கணினியின் மூலையில் உள்ள மணிக்கூடு பரந்தனில் மாலையாகிவிட்டது என்கிறது. நேரத்தை மாற்றச் சொல்லி மருமகன் சொல்கிறார், முறைப்படி அதுதான் சரி. நான் மாற்றவில்லை. அடையாள அட்டை எடுக்க வயது வருவதற்கு முன்பே போய்விட்ட எங்கள் மகன், ஒரு விண்ணப்பமும் நிரப்பாமல் இப்போது இரண்டு நாட்டிலும் இருக்கிறான். எல்லாப் படிவமும் நிரப்பிய நாங்கள் இருவரும்தான், ஒன்றில் இருந்துகொண்டு மற்றதின் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.