கழுத்தில் இருபத்தாறு மில்லிமீட்டர்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்ததும் வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கழுத்தில் மிச்சமிருக்கும் கட்டிகளில் பெரியதை அளந்தேன்: 26 மில்லிமீட்டர். குறிப்பேட்டில் எழுதினேன். திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையின் ஸ்டோர் ரூமைப் பதினெட்டு வருஷமாகப் பார்ப்பவன் நான். அளக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. குளிக்கக் கீழே இறங்கினேன். குழாயடியில் எனக்கென்று தனியாக ஒரு சிவப்புக் கப் இருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வைத்தது. பத்து நாளாக அப்படித்தான்.

பத்து நாளுக்கு முன்னால்தான் பயாப்ஸி. வலப்பக்கம் வரிசையாக மூன்று நெறிக்கட்டிகள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெளிவாகவில்லை. புற்றா, டிபியா என்று அறிய ஒரு கட்டியை முழுதாக எடுக்க வேண்டும், கூட்டிருப்புக்கு, அதாவது துணைக்கு, ஆள் இல்லாமல் நடக்காது என்றார்கள். சொந்த ஊரான அம்பாசமுத்திரத்தில் என்றால் என் தெருவில் பாதி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் கேட்டேன், எல்லோருக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. நான் குடியிருக்கும் மாடி அறையின் சொந்தக்காரர் சதாசிவன் பிள்ளை மட்டும் கேட்காமலே வந்தார். அன்று காலை குறிப்பேட்டில் அவரைப் பற்றி நல்லதாக இரண்டு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

அறுத்தெடுத்த கட்டியை இரண்டாக்கி, புற்றைப் பார்க்க ஃபார்மலினில் ஒரு பாதியும் கிருமியைப் பார்க்க உப்புநீரில் ஒரு பாதியும் போட்டு, லேபுக்குக் கொண்டுபோக அவர் கையில் கொடுத்தார்கள். எது எதற்கு என்று அவர் நர்ஸிடம் கேட்பது கதவு வழியாகக் கேட்டது. நான் வெளியே வந்தபோது ஃபார்மலின் புட்டியைச் சும்மா பிடித்திருந்தார். உப்புநீர்ப் புட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்திருந்தார்.

புட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், "கேன்சரானெங்கில் எனிக்கு பிரஸ்னமில்ல, அண்ணாச்சி. டிபி ஆகாதிருந்தா மதி. வீட்டில மோளும் குஞ்ஞும் உண்டு" என்றார். டிபி இல்லாவிட்டால் போதுமாம்; மகளின் கைக்குழந்தையைச் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நானோ டிபியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரே பெஞ்ச், ஒரே கட்டி.

இன்று முடிவு வந்தது. அவரும் வந்திருந்தார். டிபிதான், புற்று இல்லை என்றார் டாக்டர். நான் சிரித்துவிட்டேன் போல.

"எந்தா சிரிக்குன்னது? இது பகரும்" என்றார் பிள்ளை, டிபி தொற்றும் என்பது எனக்கு விளங்கவில்லையோ என்று.

மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, கழுத்துக் கட்டி டிபி பேசினாலும் தும்மினாலும் பரவாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். பிள்ளை தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும், "டாக்டருக்குப் பறயாம். அயாளுடெ வீட்டிலல்லல்லோ நீ குடியிருக்குன்னது. பாண்டிக்கு நாட்டில ஆசுபத்திரி இல்லே? ஞாயறாழ்ச்சைக்குள்ள ரூம் ஒழியணும்" என்றார். தமிழனுக்கு இங்கே உள்ள ஏளனப் பெயர் அது; அண்ணாச்சி அங்கேயே பாண்டியாகிவிட்டார்.

சரி, போய்விடலாம் என்று மனைவிக்குப் போன் செய்தேன். புற்று இல்லை என்றதும் அழுதாள். ஊருக்கு வருகிறேன் என்றதும் அழுகை நின்றது. "இப்ப வராதீய. ஞாயித்துக்கிழம நம்ம புள்ளையப் பொண்ணு பார்க்க வாராவ. டிபி மாத்திரையப் பார்த்தா கெளம்பிப் போயிருவாவ. அங்கனயே இருந்துக்கிடுங்க, ஆறு மாசந்தானே." பரவாது என்று நான் சொன்னேன். "அது எனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரியணும்லா" என்றாள்.

மாத்திரை வாங்கிய சுகாதார நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். சொந்த ஊர் முகவரிக்கு ஒரு கட்டம், மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் இருக்கப்போகும் முகவரிக்கு ஒரு கட்டம். பெயர், வயது, எடை எல்லாம் எழுதினேன். இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில் மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினேன், அந்தச் சிவப்புக் கப்பில் தண்ணீர் பிடித்து.