மனையியலுக்குக் கூட்டம் சேர்ந்த கதை

அறிவிப்பு வேறு, சொற்பொழிவு வேறு என்று ஒன்பது வயதுவரை எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ஞாயிற்றுப் பள்ளி ஆண்டு விழாவிலும் தமிழ் மன்றத்தின் பொங்கல் மேடையிலும் பரிசு வாங்கிப் பழகியிருந்த எனக்கு, ஒலிவாங்கி எங்கே நின்றாலும் அது என் பொருட்டே நிறுத்தப்பட்டது என்ற திடமான நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் என் சித்தியின் முனைவர் பட்டத்தைக் காப்பாற்றியது. இன்று கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியினர் என்னை அகந்தை பிடித்தவள் என்று சாடும்போதெல்லாம், மறுப்புரையாக இந்த ஒரு சான்றை நெஞ்சுக்குள் முன்வைத்துக்கொள்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தெலுங்கு நாட்டில், மெட்டுகுடாவில் அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட ரயில்வே குடியிருப்பில் எங்களோடு தங்கி, மகளிர் கல்லூரி ஒன்றில் ஹோம் சயன்ஸ் கற்பித்துவந்தார். வேலை தற்காலிகமானது, முனைவர் பட்டம் வந்தால்தான் நிலைக்கும். ஒரு குடும்பம் கடையில் ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தத் தேர்வு மாறுகிறதா என்பதே அவருடைய ஆய்வு. அதற்கு வாரம் தவறாமல் வந்து அமரும் குடும்பங்கள் வேண்டும். எங்கள் தமிழ்த் திருச்சபையின் கூடத்தை ஞாயிறு மாலைகளுக்குக் கேட்டு வாங்கியிருந்தார். கூடம் கிடைத்துவிட்டது, குடும்பங்கள்தாம் கிடைக்கவில்லை.

ஹோம் சயன்ஸ் என்றதும் சபையார் அனைவரும் அதைச் சமையல் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பெண்கள், தங்களுக்குச் சமைக்கத் தெரியும் என்று சற்றே மனம் நொந்து சொன்னார்கள். ஆண்கள், தங்களுக்குச் சாப்பிடத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்கள். முதல் வகுப்புக்கு வந்தவர்கள் அம்மா, நான், கூடத்தைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த காவலாளி. கூட்டம் சேராவிட்டால் இந்த ஆய்வைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்காண்டு உழைப்பைக் கைவிடுவது என்றால் வேலையையும் கைவிடுவதே என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அப்பா அதையும் கேலிக்குத்தான் எடுத்துக்கொண்டார்.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்குக் கூட்டம் நெரிஞ்சுதோ?"

"நெரிஞ்சுது அத்தான். வாட்ச்மேனுக்கு நிக்க இடமில்ல."

"அரிசி பருப்பு வாங்க ஒரு ஆராய்ச்சியா? கடைக்காரன் கொடுக்கத வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது சோலி."

"அப்படி வாங்கிட்டு வாரவங்களப் பத்தித்தான் அத்தான் ஆராய்ச்சியே. உங்களயே முதல் ஆளா எழுதிக்கிடட்டுமா?"

அப்பா பேச்சை மாற்றிக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பளபளப்பான விளம்பரத் தாளைக் கையில் எடுத்தார். கட்கேசருக்கு அப்பால் எங்கோ ஒரு வெட்டவெளியில் வீட்டுமனை வாங்கிவிட வேண்டும் என்பது அந்த ஆண்டு அவருக்குக் கண்ட காய்ச்சல். அவருக்கு மட்டுமன்று, ஆராதனை முடிந்து முற்றத்தில் நிற்கும் ஆண்கள் அனைவருக்கும் அதே காய்ச்சல்தான். மேசையில் விரித்துக் கிடக்கும் அந்தத் தாளை அம்மா தூக்கிவைத்துவிட்டுச் சோறு பரிமாறுவார். உண்டு முடித்ததும் எடுத்து, இருந்த இடத்திலேயே வைப்பார். அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையின் இறுதியில் அறிவிப்புகள் வாசிக்கச் சிறுவர்களின் முறை. சித்தி என்னை அழைத்து, "ஏட்டி, ரெண்டே வரி. ஹோம் சயன்ஸ் கிளாஸ், சாயங்காலம் கூடத்துல, எல்லாரும் வரலாம். அவ்வளவுதான், கேட்டியா?" என்றார்.

பரிசுக் கோப்பைகளை அடுக்கிவைத்திருக்கும் ஒரு பேச்சாளரிடம் இரண்டு வரி கேட்பது அவமதிப்பு. அந்த இரண்டு வரியிலும் ஆங்கிலம் கலக்கச் சொல்வது மேலும் பெரிய அவமதிப்பு. அகராதியைப் புரட்டினேன். ஹோம் சயன்ஸுக்கு நேரான தமிழ்ச் சொல் எனக்காகவே காத்திருந்தது: மனையியல்.

ஞாயிறன்று ஒலிவாங்கியை என் உயரத்துக்குத் தாழ்த்தி முழங்கினேன்.

"பெரியோர்களே! தாய்மார்களே! மனிதன் இரவு பகலாக உழைப்பது எதற்காக? ஒரு மனைக்காக அன்றோ! அந்த மனையை ஆராய்ந்து அறியும் அறிவியலே மனையியல்! மனையைப் பற்றி உங்கள் உள்ளத்தில் எழும் ஐயம் எதுவாயினும், மனையியல் விரிவுரையாளராகிய என் சித்தி இன்று மாலை கூடத்தில் விடை பகர்வார்! கட்டணம் இல்லை! வருக! வருக!"

பாதி உறக்கத்தில் இருந்த ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். எல்லாம் என் நாவன்மையின் விளைவு என்று பூரித்தபடி மேடையை விட்டு இறங்கினேன்.

மாலையில் சித்தியும் நானும் சென்றபோது கூடத்தில் உட்கார இடமில்லை. எங்கும் ஆண்கள், கைதோறும் மடித்த விளம்பரத் தாள்கள், மனைப் பிரிவு வரைபடங்கள். சபைச் செயலர் மாமா வியர்க்க விறுவிறுக்க நாற்காலிகளைச் சுமந்துவந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"கைக்கு, ஏன் மேடம் முன்னாடியே சொல்லல? நீங்க பிளாட்டு எக்ஸ்பர்ட்டுன்னு தெரிஞ்சிருந்தா, போன வருசமே வந்து உக்காந்திருப்பேனே!"

கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால், அப்பா. அவர் சித்தியின் கண்ணைப் பார்க்கவில்லை.

சித்தி என் காதருகே குனிந்தார். "என்னட்டி சொல்லி வச்ச?"

"நீங்க சொன்னதத்தான் சித்தி. தமிழ்ல சொன்னேன்."

எதிர்த்தரப்பின் பொருள் விளக்கம் பிழையானால் அதை எழுந்தவுடனே மறுத்துவிட வேண்டும் என்பது நான் பயின்ற முதல் பாடம். சித்தியும் அவ்வாறே மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு மேடையேறினார்.

"யாராச்சும் ஒருத்தர் உங்க கையில இருக்கிற பேப்பரச் சத்தமா வாசிங்க."

செயலர் மாமா முந்திக்கொண்டார். "ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து பத்தே நிமிசம்!"

"நடந்தா?"

"காருல மேடம்."

"யாரு காருல?"

"அவங்களே காரு அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. காலைல ஆறு மணிக்கு."

"சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போதும் அவங்களே கார் அனுப்புவாங்களா?"

கூடம் சிரித்தது. மாமாவும் தலையைச் சொறிந்தபடி சிரித்தார்.

"படத்துல தென்னமரம் நிக்குதே, அங்க போனப்ப பாத்தீங்களா?"

"நக்கோ, இல்ல மேடம்," என்றார் மல்காஜ்கிரியிலிருந்து வந்திருந்த ஒருவர். "நானும் இவரு கூடப் போனேன். அங்க மரமே இல்ல. பாறைதான். அது மேல ஒரு ஆடு நின்னுச்சு."

"ஆடு படத்துல இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப இருக்கிறது படத்துல இல்ல, படத்துல உள்ளது அங்க இல்ல. சரி, பேப்பருக்கு அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

கண்ணாடிகள் மூக்குக்கு இறங்கின. படங்கள் விளக்கத்துக்காக மட்டுமே என்று ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். சித்தி தம் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து முன்வரிசைக்கு நீட்டினார். அதன் ஓரத்திலும் அதே பொடி எழுத்து, அதே வாசகம்.

"பிளாட்டும் பிஸ்கட்டும் ஒண்ணுதான் சார். படம் பெருசு, உள்ள இருக்கிறது சிறுசு. வாங்குறதுக்கு முன்னாடி எத, எப்படிப் பாக்கணும்னுதான் நான் இங்க வாராவாரம் சொல்லித் தாரேன்."

ஒருவரும் எழுந்து போகவில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. முடிவில் சித்தி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: அடுத்த வாரம் அந்த மனையில் குடியிருக்கப்போகிறவர்களையும் அழைத்து வர வேண்டும்; தனியாக வருகிறவருக்கு நாற்காலி கிடையாது.

அழைத்து வந்தார்கள். அடுத்த ஞாயிறு முன்வரிசைகளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். ஆய்வுக்கு வேண்டிய குடும்பங்கள் அன்றே சேர்ந்துவிட்டன. பின்னாளில் சித்தி முனைவராகி, அதே கல்லூரியில் நிலையான பணி பெற்று, இன்று துறைத்தலைவராக இருப்பதற்கு அடித்தளம் அந்தக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்கு அடித்தளம் எவருடைய உரை என்பதை நான் அடக்கத்தோடு விட்டுவிடுகிறேன்.

அன்று வகுப்பு முடியும் நேரத்தில் அம்மா எழுந்து நின்றார். தம் நல்ல புடவையை உடுத்தி வந்திருந்தார். ஏதோ சொன்னார்; எவருக்கும் கேட்கவில்லை. சித்தி திரும்பச் சொல்லச் சொன்னார்.

"பத்திரத்துல… ரெண்டு பேரு பேரு போடலாமா? வீட்டுக்காரர் பேரோட, வீட்டுக்காரி பேரும்?"

அம்மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஹவ், ஆமா மேடம், நானும் அதத்தான் கேக்க வந்தேன்!" என்றது. உடனே முன்வரிசைகள் முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. பின்வரிசைகள் மின்விசிறியை ஆராய்ந்தன. எந்தக் கேள்விக்கும் விடையைக் கையில் வைத்திருக்கும் சித்தி, இதற்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகே பேசினார்.

"போடலாம்க்கா. தாராளமாப் போடலாம்." பிறகு தூணைப் பார்த்து, "அத்தானுக்கு ஆட்சேபம் உண்டா?" என்றார்.

"என்னயக் கேட்டா? மைக்கு உங்கிட்டல்லா இருக்கு!" என்றார் அப்பா. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சித்தி காத்து நின்றார். அப்பா தூணை விட்டு வெளியே வந்து, "போடுவோம், போடுவோம்," என்றார்.

வீடு திரும்பும் வழியில், நடுவர் என்ற முறையில் என் கடமையைச் செய்தேன்.

"கேள்வி நல்லாவே இல்லம்மா. முன்னுரை இல்ல. குரல் நடுங்குச்சு. சபையப் பாத்தே பேசல. பத்துக்கு மூணு மார்க்குத்தான்."

"மூணு போட்டியே, அது போதும்ட்டி," என்றார் அம்மா.

சித்தி ஒரு கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். முன்னால் நடந்துகொண்டிருந்த அப்பாவின் தோள்களும் குலுங்கின. அம்மா எங்களையெல்லாம் கடந்து, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, கையை வீசி முன்னே போனார். நான் அவருக்குப் போட்ட மதிப்பெண்ணில் தவறில்லை, விதிப்படிதான் போட்டேன். தோற்றுப்போன ஒருவர் எதற்காக வீடுவரை பாடிக்கொண்டு போகிறார் என்பதுதான், எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.